பைக்கு முன்னால் போல்ட்

அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டில், ஒரேகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் பக்கம் வீடு வாங்கும் நம்மவர்கள் வாசல் எந்தத் திசை என்று பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்ப்பார்கள். தாளிக்கிற புகை வெளியே போகுமா என்றுகூடப் பார்ப்பார்கள். வீட்டுக்கு அடியில் தவழ்ந்து பார்ப்பவர் அபூர்வம். பூகம்பம் என்று பேச்சு வந்தால் ஓர் அவசரகாலப் பையை வாங்கி கராஜில் மாட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். இது தலைகீழ் வரிசை. வீடு அஸ்திவாரத்திலிருந்து வழுக்கி இறங்கிவிட்டால் அந்தப் பையை எடுக்கவே உள்ளே போக முடியாது.

எந்தப் பூகம்பம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வான்கூவர் தீவுப் பக்கம் தொடங்கி வட கலிஃபோர்னியாவின் மெண்டசீனோ முனை வரை சுமார் 1000 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஹுவான் டி ஃபூகா என்ற நிலத்தட்டு வட அமெரிக்கத் தட்டுக்கு அடியில் ஆண்டுக்கு 3, 4 சென்டிமீட்டர் வீதம் நுழைந்துகொண்டிருக்கிறது. இதுதான் கஸ்கேடியா. இரண்டு தட்டும் உரசும் இடம் இப்போது பூட்டிக்கிடக்கிறது. கடைசியாக அந்தப் பூட்டுத் தெறித்தது 1700 ஜனவரி 26 இரவு 9 மணி வாக்கில். இந்தப் பக்கம் யாரும் எழுதிவைக்காத ஒன்றுக்கு மணிக்கணக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஜப்பானில் எழுதிவைத்திருந்தார்கள். நில அதிர்வே இல்லாமல் கரையேறிய ஓர் ‘அநாதைச் சுனாமி’ அங்கே ஊர்ப் பதிவுகளில் இருந்தது. 1996இல் கெஞ்சி சதாக்கேயும் அவரது குழுவினரும் அந்த அலையைப் பின்னோக்கிக் கணக்குப்போட்டு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். வாஷிங்டன் கரையில் உப்புநீர் ஏறிச் செத்த சிடார் மரங்களின் வளையங்களும் 1699 கோடைக்கும் 1700 வசந்தத்துக்கும் இடையில்தான் நின்றுபோகின்றன. கோபாலிஸ் ஆற்றோரம் அந்தப் பட்ட மரங்களை இன்றும் பார்க்கலாம்.

அளவு 9ஐ ஒட்டிய அப்படி ஒன்று அடுத்த 50 ஆண்டுகளில் வருவதற்கான வாய்ப்பைப் பொதுவாக 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். தென்பாதி மட்டும் உடைந்து 8க்கு மேல் வரும் வாய்ப்பு 37 சதவீதம் வரை. இந்த எண்களை வைத்து வாதாடுவதில் பெரிய பயன் இல்லை. குலுங்கும் நேரத்தை மட்டும் மனதில் வையுங்கள். 2001 பிப்ரவரி 28 அன்று வந்த நிஸ்குவாலி பூகம்பம் 6.8, அது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. கஸ்கேடியா 3 முதல் 5 நிமிடம் குலுக்கும். சுவர் முதல் நிமிடத்தைத் தாங்கலாம். நாலாவது நிமிடம் குலுங்கும்போது ஆணிகள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும்.

வீட்டுக்கு அடியில்

1970களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீடென்றால் ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்குங்கள். ஒரேகனில் மாநிலம் முழுமைக்குமான கட்டட விதிகள் வந்ததே 1974இல்தான். புது வீட்டுக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டி வாட்டர் ஹீட்டருக்குப் போய்விடலாம்.

தலைவிளக்கு, முகமூடி, முழங்கால் உறை, அளவுநாடா, ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். உள்ளே போனதும் கான்கிரீட் அஸ்திவாரத்தின் மேல் படுக்கவைத்திருக்கும் முதல் மரச்சட்டத்தைப் பாருங்கள். தச்சர்கள் மட்ஸில் என்பார்கள். அதன் முதுகில் 6 அடிக்கு ஒன்றாவது போல்ட்டும் நட்டும் தெரிய வேண்டும். சட்டத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் இரு முனையிலிருந்தும் ஓரடிக்குள் ஒன்று இருக்க வேண்டும். எதுவுமே தெரியவில்லை என்றால் உங்கள் வீடு தன் எடையால் மட்டும் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்க்ரூடிரைவரால் மரத்தைக் குத்திப்பாருங்கள், உள்ளே இறங்கினால் உளுத்திருக்கிறது. கான்கிரீட்டைச் சுரண்டிப்பாருங்கள், மணலாய் உதிர்ந்தால் விரிந்து பிடிக்கும் வகை போல்ட் அங்கே நிற்காது.

அடுத்து, அந்தச் சட்டத்துக்கும் தரை உத்தரங்களுக்கும் நடுவே ஒன்றரை அடி, மூன்று அடி உயரத்தில் ஒரு குட்டைச் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் நிமிர்ந்த கட்டைகள்தான், உட்பக்கம் பலகை இருக்காது. சரிவில் கட்டிய வீடுகளில் இது உயரமாகவே இருக்கும். பூகம்பத்தில் முதலில் சாய்வது இதுதான். மேலே வீடு முழுசாக நிற்கும், ஆனால் இரண்டடி தள்ளி, இரண்டடி கீழே. கேஸ் குழாய் அறுந்திருக்கும்.

செய்ய வேண்டியது மூன்று. மட்ஸிலை அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டுப் பிணைப்பது, குட்டைச் சுவருக்கு பிளைவுட் அடிப்பது, மேலே உத்தரங்களைச் சுவரின் தலைச்சட்டத்தோடு இரும்புக் கோணத் தகடுகளால் இணைப்பது. ஒன்றை விட்டாலும் பலவீனம் அந்த இடத்துக்கு மாறுமே தவிர நீங்காது.

போல்ட் அரை அங்குலமோ எட்டில் ஐந்து அங்குலமோ இருக்கலாம். முக்கியம் வாஷர். 3 அங்குலச் சதுரம், கால் அங்குலக் கனத் தகடு வேண்டும். சின்ன வட்ட வாஷர் போட்டால் குலுங்கும்போது அது மரத்தை அறுத்துக்கொண்டு இறங்கும், சட்டம் நீளவாட்டில் பிளக்கும். பழைய கான்கிரீட் என்றால் எப்பாக்சி பசை வைத்த போல்ட்தான் சரி. இங்கேதான் பெரும்பாலான வேலைகள் கெட்டுப்போகின்றன. துளை போட்டதும் உள்ளே மாவுபோல் தூசி நிற்கும். ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். சோம்பல்பட்டு நேரே பசையை ஊற்றினால் பசை தூசியைப் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். குளிர்காலத்தில் பசை இறுக நேரம் கூடுதலாகும், உறையில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன் நட்டை முறுக்காதீர்கள். டிரில்லை நிமிர்த்த உயரம் இல்லாத இடத்தில் பக்கவாட்டில் பொருத்தும் தகடுகள் கிடைக்கின்றன. அஸ்திவாரத்தின் முகத்தில் போல்ட், மரத்தின் பக்கவாட்டில் திருகு.

பிளைவுட் 15/32 அங்குலக் கனம். ஓரங்களில் 4 அங்குலத்துக்கு ஓர் ஆணி, நடுவில் 12 அங்குலத்துக்கு ஒன்று. ஆணித் துப்பாக்கியின் காற்றழுத்தத்தைக் கூட்டிவைத்து அடித்தால் ஆணித்தலை பலகையின் மேல்தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். அந்த ஆணி கணக்கில் சேராது, பக்கத்தில் இன்னொன்று அடிக்க வேண்டும். மருந்து ஏற்றிய மரமாக இருந்தால் துத்தநாகப் பூச்சு ஆணிதான், சாதா ஆணியை அந்த மருந்து அரித்துவிடும். ஒவ்வொரு இரு கட்டைக்கும் நடுவில் பலகையில் காற்றுத் துளை விடுங்கள், இல்லையென்றால் உள்ளே ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

சியாட்டில், போர்ட்லண்ட் இரண்டு நகராட்சிகளிலும் சாதாரண மரவீடுகளுக்குத் தயார் வழிமுறை இருக்கிறது. அதற்குள் அடங்கும் வீட்டுக்குத் தனிப் பொறியாளர் வேண்டாம். தூண்மேல் நிற்கும் வீடு, செங்கல் அஸ்திவாரம், செங்குத்துச் சரிவு என்றால் பொறியாளர் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

வீடு செங்கல்லில், உள்ளே இரும்புக் கம்பியே இல்லாமல் கட்டியது என்றால் போல்ட்டுப் பேச்சே கிடையாது. சியாட்டிலில் மட்டும் அப்படிப்பட்ட கட்டடங்கள் 1,100ஐ ஒட்டி இருக்கின்றன. அவற்றில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு என் கருத்து ஒன்றே, ஒப்பந்தம் முடிந்ததும் மாறிவிடுங்கள்.

வாட்டர் ஹீட்டர்

50 கேலன் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 190 கிலோ. அது சாய்ந்தால் கேஸ் குழாயையும் இழுத்துக்கொண்டு சாயும். நிமிர்ந்து நின்றால் அதுவே உங்கள் குடிநீர். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேலை வீட்டில் வேறு கிடையாது.

இரண்டு பட்டை வேண்டும். ஒன்று மேல் மூன்றிலொரு பங்கில், ஒன்று கீழ் மூன்றிலொரு பங்கில். கீழ்ப்பட்டை கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு 4 அங்குலமாவது மேலே இருக்கட்டும். கால் அங்குலத் தடிமனும் 3 அங்குல நீளமும் உள்ள லாக் (lag) திருகுகளைச் சுவருக்குள் இருக்கும் கட்டையில் ஏற்றுங்கள். ஜிப்சம் பலகையில் மட்டும் ஏறிய திருகு முதல் உலுக்கலிலேயே வந்துவிடும். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் மரக்கட்டை வைத்து அடையுங்கள், பட்டை மட்டும் இருந்தால் தொட்டி பின்பக்கம் போய் மோதும். ஓட்டை ஓட்டையாக இருக்கும் மெல்லிய தகர நாடாவைப் போட்டிருந்தால் கழற்றிவிட்டு முறையான பட்டையைப் போடுங்கள். கேஸ், தண்ணீர் இணைப்புகள் வளையும் குழாயாக இருக்க வேண்டும்.

அந்தத் தண்ணீரை எடுக்க: முதலில் கேஸையோ மின்சாரத்தையோ நிறுத்துங்கள். உள்ளே வரும் குளிர்நீர் வால்வை மூடுங்கள், தெருக்குழாய் உடைந்து அழுக்கு ஏறாமல் இருக்க. ஆறவிடுங்கள். வீட்டில் எங்காவது ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவையுங்கள், காற்று போகாவிட்டால் கீழே தண்ணீர் வராது. தொட்டியின் அடியில் இருக்கும் குழாயில் முதலில் வண்டல் வரும், தெளிந்த பிறகு பிடியுங்கள். தொட்டி காலியாக இருக்கும்போது மறுபடி சூடேற்றக் கூடாது.

கேஸ் மீட்டர் பக்கத்தில் ஒரு ரெஞ்சைக் கம்பியால் கட்டிவையுங்கள். வால்வைக் கால் சுற்றுத் திருப்பிக் குழாய்க்குக் குறுக்காக நிறுத்தினால் மூடியது. வாசனையோ சீறும் சத்தமோ இருந்தால் மட்டும் மூடுங்கள். திரும்பத் திறக்க நிறுவனத்து ஆள்தான் வர வேண்டும், எல்லாரும் மூடியிருக்கும் ஊரில் அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

தண்ணீர், பிறகு கழிப்பறை, பிறகுதான் சாப்பாடு

ஒரேகன் மாநிலம் 2013இல் வெளியிட்ட மீட்புத் திட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. வில்லமெட் பள்ளத்தாக்கில், அதாவது போர்ட்லண்ட் பக்கம், மின்சாரம் திரும்ப 1 முதல் 3 மாதம். குடிநீரும் சாக்கடையும் 1 மாதம் முதல் ஓராண்டு. கடற்கரையில் குடிநீருக்கு 1 முதல் 3 ஆண்டு. மாநிலத்தின் திரவ எரிபொருளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போர்ட்லண்டில் ஆற்றோரம் ஒரே ஆறு மைல் நீளத்தில், குலுங்கினால் குழம்பாகும் மண்ணின்மேல் நிற்கும் தொட்டிகளில் இருக்கிறது. ஆகவே லாரி வரும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு மாநிலங்களும் இரண்டு வாரத்துக்குத் தயாராக இருங்கள் என்கின்றன. அது குறைந்தபட்சம்.

ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன். நான்கு பேருக்கு 14 நாளைக்கு 56 கேலன், ஏறக்குறைய 212 லிட்டர். ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அம்மா அப்பாவைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்களே அதிகம். நீலப் பீப்பாய் ஒன்று 55 கேலன் பிடிக்கும், ஆனால் நிரம்பினால் 210 கிலோ. அசைக்க முடியாது, விரிசல் விட்டால் மொத்தமும் போச்சு. நான் பரிந்துரைப்பது 5 கேலன் கேன்கள், ஒவ்வொன்றும் 19 கிலோ, கராஜில் தரையிலேயே இரண்டு மூன்று இடத்தில் பிரித்து வைப்பது. பீப்பாய்தான் என்றால் அதன் மூடியைத் திறக்கும் சாவியையும் கைப்பம்பையும் பீப்பாயிலேயே கட்டுங்கள். சாவி இல்லாமல் வெறுங்கையால் அந்த மூடி திறக்காது. பால் கேனில் சேமிக்காதீர்கள், எவ்வளவு கழுவினாலும் புரதம் ஒட்டியிருந்து கிருமி வளரும். நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் அப்படியே பிடித்துவைக்கலாம். மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றும் நாளில் தண்ணீரையும் மாற்றிவிடுங்கள்.

தெரியாத தண்ணீர் என்றால் வாசனை சேர்க்காத பிளீச், 6 சதவீதமானால் கேலனுக்கு 8 சொட்டு, 8.25 சதவீதமானால் 6 சொட்டு. கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டி இரட்டிப்பு. 30 நிமிடம் கழித்து லேசாகக் குளோரின் மணம் வர வேண்டும். வராவிட்டால் அதே அளவு மறுபடி போட்டு இன்னும் 15 நிமிடம். பிளீச்சும் பழசானால் வீரியம் போகும், ஆண்டுக்கொன்று புதிதாக வாங்குங்கள்.

கழிப்பறை விஷயத்தைப் பேசக் கூச்சப்பட்டே பலர் தயாராவதில்லை. சாக்கடைக் குழாய் உடைந்த ஊரில் ஃபிளஷ் செய்தால் அது தாழ்ந்த வீட்டின் குளியலறையில் மேலெழும். 5 கேலன் வாளி இரண்டு, பொருத்தும் இருக்கை ஒன்று. ஒன்று சிறுநீருக்கு, மற்றது மலத்துக்கு. இரண்டையும் கலக்கவிட்டால்தான் நாற்றமும் கனமும். மல வாளியில் ஒவ்வொரு முறையும் மரத்தூளோ தேங்காய் நார்த்தூளோ இரண்டு கைப்பிடி போட்டு மூடுங்கள். நார்த்தூள் தோட்டக் கடையில் செங்கல் மாதிரி அழுத்திக் கிடைக்கும், இடம் அடைக்காது. நனைக்காமல் உதிர்த்துப் போடுங்கள். வாளி பாதி நிறைந்ததும் கட்டிவிடுங்கள், அதற்குமேல் தூக்க முடியாது. சிறுநீரைத் தண்ணீர் கலந்து புல்லில் ஊற்றலாம். கழுவும் பழக்கத்தை விட முடியாதவர்கள் முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுச் சின்னப் பீச்சு பாட்டிலால் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் மல வாளிக்குத்தான் போக வேண்டும், கூடுதலாக ஒரு கைப்பிடித் தூள் போடுங்கள். சிறுநீர் வாளியில் விட்டால் அதைப் புல்லில் ஊற்ற முடியாது.

சாப்பாட்டுக்குப் பெரிய யோசனை வேண்டாம். நம் வீடுகளில் 20 பவுண்டு அரிசி எப்போதும் இருக்கும். ஆனால் அரிசிக்குத் தண்ணீரும் தீயும் வேண்டும். அவல், சத்துமாவு, பொட்டுக்கடலை, வெல்லம் இருந்தால் இரண்டும் மிச்சம். கேம்ப் அடுப்பை வெளியே மட்டும் பற்றவையுங்கள். 2006 டிசம்பர் புயலில் சியாட்டில் பக்கம் மின்சாரம் போனபோது வீட்டுக்குள் கரி மூட்டிக் குளிர்காய்ந்தவர்கள் கார்பன் மோனாக்சைடால் இறந்தார்கள். அவர்களில் பலர் குடியேறிகள்.

உள்ளே, குலுங்கும்போது

ஒரேகனில் 2021 மார்ச்சிலிருந்தும் வாஷிங்டனில் மே மாதத்திலிருந்தும் ஷேக்அலர்ட் என்ற பூகம்ப முன்னெச்சரிக்கை கைப்பேசிக்கு வருகிறது. உடைப்பு தூரத்தில் தொடங்கினால் சில பத்து விநாடிகள் கிடைக்கலாம். மேசைக்கு அடியில் குனிந்து, தலையை மறைத்து, மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளவே அது போதும். மேசை நகரும், கூடவே நகருங்கள். படுக்கையில் இருந்தால் அங்கேயே குப்புறப்படுத்துத் தலையணையால் தலையை மூடுங்கள். வெளியே ஓடினால் புகைபோக்கிச் செங்கல் தலையில் விழும்.

பூஜை அலமாரியின் பித்தளைக் குத்துவிளக்கு, சமையல் மேடை விளிம்பில் கல்லோடு உட்கார்ந்திருக்கும் கிரைண்டர், இரண்டும் பறக்கும். கிரைண்டரைக் கீழ் அலமாரிக்கு இறக்குங்கள். விளக்குக்கு அடியில் அருங்காட்சியகங்களில் வைக்கும் ஒட்டுமெழுகு. கட்டிலின் காலில் ஒரு துணிப்பையைக் கட்டி அதில் பழைய ஷூவும் டார்ச்சும் போட்டுவையுங்கள். கட்டாமல் கீழே வைத்த ஷூ அறையின் மறுமூலைக்குப் போயிருக்கும், நடுவில் முழுக்கக் கண்ணாடி.

தகவலுக்கு டெக்சஸோ நியூஜெர்சியோ, வேறு மாநிலத்தில் ஒருவரை எல்லாரும் தொடர்புகொள்ளும் ஆளாக வையுங்கள். அழைக்காதீர்கள், குறுஞ்செய்தி அனுப்புங்கள். சென்னைக்குச் சொல்லும் வேலையை அவர் பார்த்துக்கொள்வார்.

காப்பீடு பற்றி இரண்டு வரி. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் பூகம்பம் கிடையாது. தனியாக எடுத்தாலும் 15 சதவீதம் உங்கள் பங்கு என்றால் 6 லட்சம் டாலர் காப்பீட்டில் முதல் 90,000 டாலர் உங்கள் கையிலிருந்து. சுனாமித் தண்ணீர் அதிலும் சேராது, அது வெள்ளக் காப்பீட்டில் வரும்.

கடற்கரைக்குப் போகும்போது

கேனன் பீச், சீசைட், லாங் பீச் என்று நீண்ட வார இறுதிக்குப் போகிறோம். நமக்கு 2004 டிசம்பர் 26 ஒரு தவறான கணக்கைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அன்று காலை ஆறரைக்குச் சென்னையில் சிலர் லேசான ஆட்டத்தை உணர்ந்தார்கள், அலை வந்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து. அது தூரத்துச் சுனாமி. ஒரேகன் கரை நாகப்பட்டினம்போல் அல்ல, பூகம்பத்துக்குப் பக்கத்திலேயே இருந்த சுமத்ராவின் ஆச்சே போல. அலை 15, 20 நிமிடத்தில் வரும், அதில் முதல் ஐந்து நிமிடம் நிற்கவே முடியாது. கரையே ஓரிரு மீட்டர் தாழ்ந்தும் போயிருக்கும்.

ஆகவே சைரனுக்கோ கைப்பேசிக்கோ காத்திருக்க வேண்டாம். நிற்க முடியாத அளவுக்கு நிலம் ஆடியதே எச்சரிக்கை. சுமத்ராவை ஒட்டிய சிமெலூ தீவில் 1907 அலையின் நினைவைப் பாட்டிலும் கதையிலும் ‘ஸ்மோங்’ என்ற ஒரே சொல்லாக வைத்திருந்தார்கள். 2004இல் நிலம் ஆடியதும் அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டு மலையேறினார்கள். சுமார் 78,000 பேரில் அலைக்குப் பலியானவர்கள் ஏழு பேர்.

காரை எடுக்காதீர்கள். பாலம் இறங்கியிருக்கும், தார்ச்சாலை மணல் கக்கிக் கிடக்கும், ஒரே ஒரு கார் குறுக்கே நின்றால் பின்னால் எல்லாரும் நிற்பார்கள். ஒரேகன் புவியியல் துறை ‘பீட் த வேவ்’ என்ற வரைபடங்களில் எந்தத் தெருவிலிருந்து எந்த வேகத்தில் நடந்தால் தப்பலாம் என்று நிறம் போட்டுக் காட்டியிருக்கிறது. வாடகை வீட்டில் பெட்டியை இறக்கியதும் அந்த வழியைக் குழந்தைகளோடும் பெரியவர்களோடும் ஒருமுறை நடந்து மணி பாருங்கள். பாட்டியின் வேகம்தான் குடும்பத்தின் வேகம். இருட்டில் இன்னொரு முறை நடங்கள். ஆற்றுப் பாலத்தைக் கடந்துதான் மேடு என்றால் இந்தப் பக்கமே வேறு மேடு தேடுங்கள். கேனன் பீச்சில் எக்கோலா ஓடைப் பாலத்தை 1964 அலாஸ்கா சுனாமியே அடித்துக்கொண்டுபோனது. மேடே இல்லாத ஊர்களில் கட்டடந்தான் கதி. வாஷிங்டனின் வெஸ்ட்போர்ட்டில் ஒகோஸ்டா தொடக்கப்பள்ளியின் கூரையை 2016இல் இதற்காகவே கட்டினார்கள், சுமார் 1,000 பேர் ஏறி நிற்கலாம்.

ஏறியபின் இறங்கக் கூடாது. 1964இல் வட கலிஃபோர்னியாவின் கிரெசன்ட் சிட்டியில் முதல் அலைகள் வடிந்ததும் சிலர் கடையைச் சுத்தம் செய்யக் கீழே இறங்கினார்கள். நான்காவது அலைதான் பெரியது. கஸ்கேடியாவில் அலைகள் 12 மணி நேரத்துக்கும் மேல் வந்துகொண்டிருக்கும். அவ்வளவு நேரமும் மழையில் மேட்டில் நிற்க வேண்டிவரலாம். அதனால் கடற்கரைப் பயணத்தில் மழைச்சட்டை, கம்பளித் தொப்பி, ஒரு நாள் மருந்து, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தார்ப்பாய் ஒன்று, இவ்வளவையும் முதுகுப்பையில் போட்டு வாசல் கதவின் உட்பக்கம் மாட்டுங்கள். கார் டிக்கியில் வைத்தால் கார் கீழேயே நின்றுவிடும்.